ஆம்பளை பக்கத்து காரணத்த தேடுன தங்கராஜ்: இருபது வருஷ ஆராய்ச்சி நமக்கு என்ன சொல்லுது

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷமாகியும் ஒண்ணும் தங்கலன்னா நம்ம தோட்டப் பக்கம் மொதல்ல ஆஸ்பத்திரிக்கு போறது பொண்ணுதான். ஹட்டன்லருந்து கண்டிக்கு போற பஸ்ல பாருங்க, கையில பிளாஸ்டிக் ஃபைலோட அக்காமாருங்க உக்காந்திருப்பாங்க, அதுக்குள்ள ஸ்கேன் ரிப்போட் இருக்கும், தைரொயிட் ரிப்போட் இருக்கும், டியூப் அடைப்பு இருக்கான்னு எடுத்த எக்ஸ்ரே இருக்கும், புருஷன் பேர்ல ஒரு துண்டு பேப்பர் இருக்காது. ஒரு நாள் கொழுந்து சம்பளத்த விட்டுட்டு கிளினிக்குக்கு போறது அவங்கதான், மாரியம்மனுக்கு நேத்திக்கடன் வைக்கிறதும் அவங்கதான், லயத்துல நாலு பேர் வாயில விழுறதும் அவங்கதான். ஆனா பிள்ளை இல்லாத ஜோடிகள்ல ஏறக்குறைய பாதிப் பேர்ல ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு, சிலர்ல அது மட்டும்தான் காரணம், இது உலகம் பூரா டொக்டர்மார் ஒத்துக்கிட்ட விஷயம். 2023ல உலக சுகாதார அமைப்பு சொன்ன கணக்குப்படி ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கையில ஒரு கட்டத்துல இந்த பிரச்சினைய சந்திக்கிறாங்க, அப்போ இது எங்கயோ யாருக்கோ நடக்கிற அபூர்வம் இல்ல, ஒவ்வொரு லயத்துலயும் இருக்கிற விஷயம்.

அந்த ஆம்பளை பக்கத்து காரணத்த மரபணுவுக்குள்ள போய் தேடுன ஒருத்தரோட வேலைய பத்திதான் இங்க எழுதணும்னு நெனச்சேன். குமாரசாமி தங்கராஜ். ஹைதராபாத்ல இருக்கிற சிசிஎம்பி, அதாவது செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையத்துல பல வருஷம் வேலை செஞ்சவர், பிறகு அதே ஊர்ல டீஎன்ஏ கைரேகை ஆராய்ச்சி பண்ற சிடிஎஃப்டிக்கு இயக்குநராவும் இருந்தவர். வெளியில அவர தெரிஞ்சவங்களுக்கு பெரும்பாலும் அந்தமான் பழங்குடிகள் எங்கருந்து வந்தாங்கன்னு 2005ல வந்த ஆய்வும், இந்தியாவோட மக்கள்தொகை வரலாறு பத்தி 2009ல நேச்சர்ல வந்த கட்டுரையும்தான் ஞாபகம் வரும். அதுக்கெல்லாம் பேப்பர்ல பெரிய தலைப்பு போட்டாங்க. ஆம்பளைங்க மலட்டுத்தன்மை பத்தி அவரும் அவரோட குழுவும் பண்ணின வேலைக்கு அவ்வளவு வெளிச்சம் விழல, ஆனா என்னைக் கேட்டா நம்ம சனத்தோட அன்றாட வாழ்க்கைக்கு இதுதான் கிட்டத்துல இருக்கு.

கொஞ்சம் பின்னால போகணும். ஆம்பளைக்கு மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம், ஏ.எல். பயோ படிச்சவங்க நிறமூர்த்தம்னு படிச்சிருப்பீங்க, அது ரொம்ப நாளா ஒரு வேலையும் இல்லாத குப்பைன்னுதான் நெனச்சிட்டு இருந்தாங்க, குழந்தைய ஆணாக்கிறதோட அதோட கடமை முடிஞ்சிருச்சுன்னு ஒரு எண்ணம். 1976ல இத்தாலியில தியெபோலோ, சுஃபார்தின்னு ரெண்டு பேர் பிள்ளை இல்லாத 1170 ஆம்பளைங்கள மைக்ரோஸ்கோப்ல பாத்து, விந்தணுவே இல்லாத 6 பேருக்கு ஒய்யோட நீளக் கையில ஒரு துண்டு காணோம்னு கண்டுபிடிச்சாங்க. அப்போ அந்த துண்டுக்குள்ள விந்தணு உருவாக தேவையான ஏதோ ஒண்ணு இருக்கணும்னு சொன்னாங்க. அது என்னன்னு தெரிய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 1995ல அமெரிக்காவுல டேவிட் பேஜோட குழு விந்தணு இல்லாத 89 பேர்ல 12 பேருக்கு ஒரே இடத்துல துண்டு விழுந்திருக்கிறத பாத்து டாஸ்ங்கிற மரபணுவ காட்டுனாங்க, அடுத்த வருஷமே ஜேர்மனியில ஃபோக்ட் குழு ஏஇசட்எஃப்னு சொல்ற அந்த பகுதிய ஏ, பி, சின்னு மூணா பிரிச்சாங்க. இன்னைக்கு ரிப்போட்ல அந்த மூணு பேர்தான் வரும்.

ஏன் அந்த இடத்துல மட்டும் துண்டு விழுது? 2003ல பேஜ் குழு ஒய்ய எழுத்து எழுத்தா படிச்சப்போ தெரிஞ்சது, அதுக்குள்ள நம்ம "விகடகவி" மாதிரி முன்னாலருந்து படிச்சாலும் பின்னாலருந்து படிச்சாலும் ஒண்ணாவே வர்ற பெரிய பெரிய பகுதிகள் இருக்கு, மொத்தம் எட்டு, ரெண்டு பக்கமும் 99.97 வீதம் ஒத்துப்போற அளவுக்கு. மத்த குரோமோசோமுக்கு ஜோடி இருக்கு, பழுதான இடத்த ஜோடியப் பாத்து திருத்திக்கும். ஒய்க்கு அந்த மாதிரி ஜோடி இல்ல, அதனால தனக்குள்ளயே இருக்கிற இந்த இரட்டைப் பிரதியப் பாத்து திருத்திக்குது, ஆனா சில நேரம் தப்பான பிரதியோட போய் ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கிறத அப்படியே கழட்டி விட்டுருது. பெரும்பாலும் அந்த ஆளோட அப்பாவுக்கு இந்த குறை இருந்திருக்காது, புதுசா அவர்ல நடந்திருக்கும். அப்போ பரம்பரைல யாருக்கும் இப்படி இல்லையே, எங்க வீட்டு பையனுக்கு எப்படி வரும்னு கேக்குற மாமியாருக்கும் இதுல பதில் இருக்கு.

சரி, இந்தியாவுக்கு வருவோம். வெளிநாட்டு ஆம்பளைங்கள வச்சு கண்டுபிடிச்சது நம்ம ஆட்களுக்கும் பொருந்துதான்னு யாராவது உக்காந்து பாக்கணும்ல. தங்கராஜ் குழு அத செஞ்சுச்சு. லால்ஜி சிங் அப்போ சிசிஎம்பியில பெரிய ஆள், இந்தியாவுல டீஎன்ஏ கைரேகைய கொண்டு வந்தவர், அவரோட சேர்ந்தும் கல்கத்தாவுல குழந்தையின்மை சிகிச்சையில பேர்போன பைத்யநாத் சக்ரவர்த்தியோட சேர்ந்தும், விந்தணுவே இல்லாத 340 பேரோட டீஎன்ஏவ எடுத்து பாத்தாங்க. 2003ல வந்த கட்டுரை அது. 29 பேருக்கு, அதாவது 8.5 வீதம் பேருக்கு ஒய்ல துண்டு விழுந்திருந்துச்சு. அதுலயும் சி பகுதியிலதான் அதிகம்.

இந்த டெஸ்ட் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். ரத்தத்துல கொஞ்சம் எடுத்து டீஎன்ஏவ பிரிச்சு, ஒய்யோட ஒவ்வொரு இடத்துக்கும்னு செஞ்சு வச்சிருக்கிற அடையாளத்த போட்டு பிசிஆர் மெஷின்ல பெருக்குவாங்க, கொரோனா நேரத்துல கேள்விப்பட்ட அதே பிசிஆர்தான். அப்புறம் ஜெல்லுல ஓட விட்டு விளக்கு வெளிச்சத்துல பாத்தா, அந்த இடம் அந்த ஆளுகிட்ட இருந்தா ஒரு கோடு தெரியும், இல்லன்னா அந்த இடம் வெறுமையா இருக்கும். ஒரு கோடு இல்லன்னதும் முடிவு பண்ணிற மாட்டாங்க, மெஷின் வேலை செஞ்சுச்சான்னு பாக்க பிள்ளை இருக்கிற ஒரு ஆம்பளையோட டீஎன்ஏவையும், ஒய் இல்லாத ஒரு பொம்பளையோட டீஎன்ஏவையும் பக்கத்துலயே ஓட விடணும், திரும்பவும் செஞ்சு பாக்கணும். ஒரு ஆளுக்கு இப்படி பல அடையாளம், 340 ஆளுக்கு எத்தனை தடவைன்னு யோசிச்சு பாருங்க. பெரிய தலைப்பு வராத வேலைன்னு சொன்னேனே, அது இதுதான்.

இந்த ஏ, பி, சி பிரிவு லெப் விஷயம்னு விட்டுற முடியாது, ஒரு ஜோடியோட காசும் கண்ணீரும் இதுல இருக்கு. சி பகுதி மட்டும் இல்லாதவங்களுக்கு விரையில ஊசி போட்டோ சின்ன ஒப்பரேஷன் பண்ணியோ தேடுனா ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கும், சிலருக்கு கொஞ்சமா வெளியிலயே வரும். ஏ பகுதியோ பி பகுதியோ முழுசா இல்லாதவங்களுக்கு எத்தனை ஒப்பரேஷன் பண்ணினாலும் கிடைக்கிறது இல்லன்னே சொல்லலாம். இந்த வித்தியாசத்த ஒரு ரத்த டெஸ்ட் முன்கூட்டியே சொல்லிரும்.

ஒருத்தரோட ஆராய்ச்சி பட்டியல பாக்கும்போது நான் கவனிக்கிறது, அவர் "இல்லை"ன்னு சொன்ன கட்டுரை ஏதாவது இருக்கான்னு. தங்கராஜ்கிட்ட இருக்கு. ஆண் ஹார்மோன் வந்து ஒட்டுற புரதத்த செய்ற ஒரு மரபணு இருக்கு, அதுக்குள்ள ஒரே மாதிரி மூணு எழுத்து திரும்ப திரும்ப வரும், அது நீளமா இருந்தா விந்தணு குறையும்னு 1997ல சிங்கப்பூர்லருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, அதுக்கு நல்ல வரவேற்பு கிடைச்சுச்சு. 2002ல தங்கராஜ் குழு இந்திய ஆம்பளைங்கள்ல பாத்துட்டு இங்க அப்படி தொடர்பு இல்லன்னு எழுதினாங்க. இல்லன்னு எழுதுற கட்டுரைக்கு விருது கிடைக்காது, ஆனா இப்படி ஒருத்தர் எழுதி வைக்கலன்னா ஏதாவது ஒரு லெப் அந்த டெஸ்ட்ட ஆயிரக்கணக்குல காசு வாங்கி நம்ம ஆட்களுக்கு செஞ்சுட்டு இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை கூடுச்சு.

2003லயே இன்னொண்ணும் பாத்தாங்க. விந்தணுவோட நடுப்பகுதியில மைட்டோகொண்ட்ரியா சுத்தி இருக்கும், ஸ்கூல்ல இழைமணின்னு படிச்சோமே, வால அடிச்சு நீந்த சக்தி குடுக்கிறது அதுதான். எண்ணிக்கையும் குறைவா ஓட்டமும் குறைவா இருந்த ஒருத்தரோட விந்தணு மைட்டோகொண்ட்ரியாவுல ரெண்டே ரெண்டு எழுத்து காணாமப் போயிருந்தத பாத்து அறிக்கை பண்ணினாங்க. ஒரு ஆள்ல பாத்தத வச்சு எல்லாருக்கும் சட்டம் போட முடியாதுதான், ஆனா ஒய்ல மட்டும் தேடிட்டு இருந்தா போதாது, மத்த இடத்தையும் பாக்கணும்னு அது வழி காட்டுச்சு. அதுக்கப்புறம் வேற வேற மரபணுவா ஒண்ணொண்ணா பாத்துட்டே வந்தாங்க.

ஒண்ணொண்ணா பாக்குற காலம் மாறி, மொத்த மரபணுவையும் ஒரேயடியா படிக்கிற மெஷின் வந்ததும் வேலை வேற மாதிரி ஆச்சு. 2022ல வந்த ஆய்வுல, காரணம் தெரியாத 47 பேர எடுத்து எல்லா மரபணுவோட முக்கியமான பகுதியையும் படிச்சாங்க, அதுல சந்தேகப்பட்டத இந்தியாவோட பல பக்கத்துலருந்து எடுத்த ஏறக்குறைய 1500 ஆம்பளைங்கள்ல திரும்ப சரிபார்த்தாங்க. இந்திய ஆம்பளைங்கள்ல அதுவரைக்கும் இந்த பிரச்சினையோட சேர்த்துப் பாக்காத எட்டு மரபணு வெளிய வந்துச்சு. அதுல சென்ட்ரின்-1ங்கிறத மட்டும் கிட்ட போய் பாப்போம். விந்தணு உண்டாக செல் பிரிஞ்சு பிரிஞ்சு வரணும், சென்ட்ரின் அந்தப் பிரிவுக்கு வேண்டியது. அந்த மரபணுவுல வந்த மாற்றத்த எடுத்து லெப்ல செல்லுக்குள்ள வச்சு பாத்தப்போ செல் பிரியாம அப்படியே நின்னுச்சு. வெறும் கணக்குல தொடர்பு இருக்குன்னு சொல்லாம, என்ன கெடுதுன்னு கண்ணால காட்டுனதுதான் இதுல பெருசு. இருபது வருஷ வேலைய சேர்த்துப் பாத்தா, பிள்ளை இல்லாத ஆம்பளைங்கள்ல 38 வீதம் பேருக்கு ஒய்லயோ மைட்டோகொண்ட்ரியாவுலயோ மத்த குரோமோசோம்லயோ ஒரு மரபணுக் காரணம் இருக்குன்னு அந்த குழு சொல்லுச்சு. பத்துல நாலு பேருக்கு கிட்ட. அந்த ஆளோட நடத்தையும் இல்ல, கள்ளு சாராயமும் இல்ல, செய்வினையும் இல்ல, பொண்ணோட சாதகமும் இல்ல.

ஹைதராபாத்ல எடுத்த கணக்கு பொகவந்தலாவையில இருக்கிறவனுக்கு எதுக்குன்னு ஒருத்தர் கேக்கலாம். நம்ம தாத்தா பாட்டன் எங்கருந்து வந்தாங்க? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம்னு கங்காணியோட கப்பல் ஏறி வந்தவங்கதானே, வந்தும் ஏழு எட்டு தலைமுறைக்கு மேல ஆகல. மரபணு கணக்குல அது நேத்து நடந்த மாதிரி. இத்தாலிக்காரன், ஜேர்மன்காரன் ரத்தத்துல எடுத்தத விட தென்னிந்தியாவுல எடுத்தது நமக்கு கிட்ட. இலங்கை ஆம்பளைங்கள்ல இதே ஒய் துண்டு விழுறத பத்தி ஜேர்மனியோட சேர்ந்து செஞ்ச ஆய்வு 2006ல வெளி வந்துச்சு, அதனால இங்க யாரும் தொடவே இல்லன்னும் சொல்ல முடியாது.

அவரோட இன்னொரு பக்க வேலையும் இங்க வந்து சேருது. இதயத்த பாதிக்கிற ஒரு மரபணுவுல 25 எழுத்து காணாமப் போன ஒரு மாற்றம், தெற்காசியாவுல ஏறக்குறைய 4 வீதம் பேர்கிட்ட இருக்கு, ஐரோப்பாவுல தேடுனா கிடைக்காது, 2009ல அவர் குழு சொன்னது இது. 2017ல அமெரிக்க மரபணு ஆராய்ச்சியாளர் டேவிட் ரெய்க்கோட சேர்ந்து தெற்காசியாவுல 263 சமூகக் குழுக்கள பாத்தப்போ, 81 குழுக்கள்ல ரொம்ப கொஞ்சம் பேர்லருந்து பெருகி தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டு வந்த தடம் தெரிஞ்சுச்சு, பின்லாந்துக்காரங்க, அஷ்கெனாசி யூதங்கள விடவும் பலமா. அந்த 81ல 14 குழு பத்து லட்சத்துக்கு மேல சனம் இருக்கிறது. இப்படி உள்ளுக்குள்ளயே கட்டிட்டு வரும்போது அம்மாகிட்டருந்து ஒண்ணு அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு பழுதான பிரதியும் ஒரே பிள்ளைகிட்ட வந்து சேர வாய்ப்பு கூடுது. நம்மகிட்ட மாமன் மகள், அத்தை மகன்னு கட்டுற வழக்கம் இன்னும் இருக்கு, நான் அத குத்தம் சொல்ல வரல, அது ஒரு காலத்துல ஊர் விட்டு வந்த சனத்துக்கு ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிற கைப்பிடியா இருந்துச்சு. ஆனா ஒரே குடும்பத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பிள்ளை இல்லன்னா, டொக்டர்கிட்ட எங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்கன்னு மறக்காம சொல்லணும், அது அவருக்கு பெரிய துப்பு.

எல்லாத்தையும் மரபணு தலையில போட்டுறவும் கூடாது. 1977ல கலிபோர்னியாவுல லாத்ரோப்ங்கிற இடத்துல பூச்சிமருந்து ஃபெக்டரி ஒண்ணுல வேலை செஞ்ச ஆம்பளைங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டப்போ, நம்ம யாருக்குமே பிள்ளை பொறக்கலயேன்னு அவங்களே கவனிச்சாங்க. டெஸ்ட் பண்ணி பாத்தா டிபிசிபிங்கிற மருந்து விந்தணுவ அழிச்சிருந்துச்சு. எந்த விஞ்ஞானியும் மொதல்ல கண்டுபிடிக்கல, வேலைக்காரங்க பேச்சுலருந்து வந்தது. தோட்டத்துல முதுகுல டாங்கிய கட்டிட்டு மருந்து அடிக்கிற தம்பிமாருக்காக இத சொல்றேன், என்ன மருந்து, எத்தனை வருஷமா அடிக்கிறேங்கிறதையும் டொக்டர்கிட்ட சொல்லுங்க. விரையில ரத்தக்குழாய் வீங்கறது, பருவ வயசுக்குப் பிறகு வந்த பொன்னுக்குவீங்கி, விரை கீழ இறங்காம இருந்தது, சுகர், சிகரெட்னு காரணம் நிறைய இருக்கு, அதுல பலதுக்கு வைத்தியமும் இருக்கு.

சமீபத்துல தங்கராஜ் குழு டெக்ஸ்-13பிங்கிற மரபணுவுல வர்ற பழுதுக்கும் ஆம்பளைங்க மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆம்பளைக்கு ஒரே ஒரு எக்ஸ், அதுவும் அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும். இத சொன்னதும் மறுபடியும் பழிய பொம்பளை பக்கம் திருப்புற ஆட்கள் இருப்பாங்க, அவங்களுக்காகவே சொல்றேன், அந்த அம்மாவுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கு, தன்கிட்ட அந்த பழுது இருக்கிறதே தெரியாது, அவங்க பிள்ளை பெத்து வளத்துட்டாங்க. யார்கிட்டருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிறது அடுத்த டெஸ்ட் யாருக்கு செய்யணும்னு முடிவெடுக்க, வீட்ல கோர்ட்டு வைக்க இல்ல.

இப்போ நம்ம பக்கத்துல ஒரு ஜோடி என்ன செய்யலாம்? மொத டெஸ்ட் மரபணு டெஸ்ட் இல்ல, சாதாரண விந்து டெஸ்ட். செலவும் குறைவு, வலியும் இல்ல, பொம்பளைக்கு செய்ற எந்த டெஸ்ட்டையும் விட லேசானது. ரெண்டு நாளுக்கு குறையாம, ஏழு நாளுக்கு கூடாம சேர்க்கை இல்லாம இருந்துட்டு குடுக்கணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ள லெப்ல பாக்கணும், ரொம்ப குளிரவும் கூடாது, இதுதான் நமக்கு சிக்கல், பொகவந்தலாவையில வீட்ல எடுத்துட்டு பஸ் ஏறி நுவரெலியா குளிருக்குள்ள கொண்டு போனா அந்த ரிப்போட்ட நம்ப முடியாது. அதனால லெப்லயே ஒரு ரூம் குடுப்பாங்களான்னு கேட்டு அங்கயே குடுக்கிறது நல்லது. விந்தணு உருவாகி வெளிய வர ரெண்டரை மூணு மாசம் ஆகுது, ரெண்டு மாசத்துக்கு முந்தி டெங்கு காய்ச்சல்ல கிடந்திருந்தா இன்னைக்கு எண்ணிக்கை கொறஞ்சு காட்டலாம், ஒரு தடவை கொறஞ்சதுன்னு இடிஞ்சு போகாம சில வாரம் விட்டு திரும்ப செய்யணும். உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்ன கீழ் எல்லை ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு கோடியே 60 லட்சம், அதுக்கு கீழ போனா பிள்ளையே பொறக்காதுன்னு அர்த்தம் இல்ல.

எண்ணிக்கை ஒரு மில்லிலீட்டருக்கு 50 லட்சத்துக்கும் கீழயோ ஒண்ணுமே இல்லாமலோ இருந்தாதான் குரோமோசோம் டெஸ்ட்டும் ஒய் துண்டு டெஸ்ட்டும் வரும். குரோமோசோம் டெஸ்ட்ல எக்ஸ் ஒண்ணு கூடுதலா இருக்கிற க்ளைன்ஃபெல்டர் தெரியும், ஆம்பளை பிள்ளைகள் ஏறக்குறைய 600 பேர்ல ஒருத்தருக்கு அது இருக்கு, பாதிக்கு மேல ஆட்களுக்கு தெரியாமலே வாழ்க்கை போயிருது. ஒய் டெஸ்ட் ரிப்போட்ல ஏ, பி, சில எதுன்னு பாருங்க. ஒரே ஒரு விந்தணுவ எடுத்து முட்டைக்குள்ள ஊசியால வைக்கிற இக்ஸி முறையில 1992ல பிரஸ்ஸல்ஸ்ல மொத குழந்தை பொறந்தது, கொழும்பு பக்கம் தனியார் கிளினிக்ல இப்போ அது லட்சக்கணக்குல போகுது, நகைய அடகு வச்சும் ஈபிஎஃப் காசு எடுத்தும் போற ஆட்கள் இருக்காங்க. அந்த காச கட்ட முந்தி ஒய் டெஸ்ட் செஞ்சாச்சான்னு கேளுங்க. ஏ பகுதியோ பி பகுதியோ முழுசா இல்லன்னா ஒப்பரேஷனுக்கு பணம் கட்ட வேண்டாம், தத்து எடுக்கிறதோ வேற வழியோ யோசிக்கலாம். சி பகுதின்னா வழி இருக்கு, ஆனா பொறக்கிற மகன்களுக்கு எல்லாம் அதே ஒய்தான் போகும், மகளுக்கு போகாது. அத டொக்டர் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு சொல்லணும், அவர் சொல்லலன்னா நீங்க கேக்கணும், புருஷனும் அந்த நாற்காலியில உக்காந்திருக்கணும்.